ஒரு சொல் செய்த பிழை

சொல்லுக்குப் பொருள் கூறுவது என் தொழில். 30 ஆண்டுகளாக மாணாக்கருக்கு அதனையே செய்து வருகின்றேன். விடைத்தாளிலே பிழையான சொல் ஒன்று கண்ணிற் பட்டால், சிவப்பு மையால் அதனைச் சுழித்து, அரைப் புள்ளியைக் குறைத்துவிட்டு அப்பாற் செல்வேன். சொற்பிழையால் விளையும் கேடு அரைப் புள்ளி அளவே என்று எண்ணியிருந்தேன். அது ஒரு மனிதரை உயிர்போகும் நிலை வரை கொண்டு செல்லக்கூடும் என்பதைச் சென்ற ஆண்டிலேதான் கண்டேன். முதுமையிலும் விளையாட்டை விடாத அன்பர்களும், அவர்தம் மக்களும் அறிந்திருக்க வேண்டிய செய்தியாதலின், என் தவற்றையும் மறையாது இங்கே எழுதுகின்றேன்.

இளமையிலே எனக்கு உடற்பயிற்சி கற்பித்த ஆசிரியர் ஒருவர் எங்கள் ஊரில் வாழ்கின்றார். ஊரவர் யாவருக்கும் அவர் 'மாஸ்ரர்'. வயது 71. ஓய்வூதியம் பெறத் தொடங்கிய பின்னரும் அவர் மைதானத்தை விட்டாரல்லர். விடியற்காலையில் நான்கு கட்டை தூரம் ஓட்டம். மாலையிலே பழைய மாணவரோடு கரப்பந்தாட்டம். எங்கே செல்வதாயினும் சைக்கிள். அவருடைய வயதினர் பலர் திண்ணையிலிருந்து நோய்க்கணக்குப் பார்க்கும் வேளையில், அவர் நேரங்காட்டியைப் பார்த்து ஓட்டக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் ஓடும்போது நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்கி, வழியில் அமர்ந்துவிட்டார். பரிசோதித்த வைத்தியர், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியிருக்கின்றது என்று கண்டு, வார்பரின் என்னும் குளிசையை நாள்தோறும் உட்கொள்ளுமாறு பணித்தார். அதனை ஊரவர் 'இரத்தத்தை மெல்லிசாக்கும் குளிசை' என்பர். மாஸ்ரரும் அப்படியே அறிந்துகொண்டார்.

"பண்டிதர், தடித்த எண்ணெயைக் காட்டிலும் மெல்லிய எண்ணெயிலேதான் யந்திரம் இலகுவாக ஓடும். என் இரத்தமும் இனி அப்படித்தான். பாரும், பழைய ஓட்டம் திரும்பி வரும்" என்றார்.

உவமை அழகாயிருந்தது. நானும் சிரித்தேன். அவ்வுவமை முற்றிலும் பிழையான ஒரு சொல்லின்மேல் எழுந்தது என்பதை அன்று நான் அறியேன்.

வீழ்ந்த நாள்

சென்ற ஆண்டு எங்கள் ஊர்ப் பாடசாலையில் நடந்த மெய்வல்லுநர் போட்டியிற் பழைய மாணவர் ஓட்டமும் இருந்தது. மாஸ்ரர் அதிலே ஓடினார். முழங்கால் வலிக்கென்று இரண்டு நாள்களாக டைக்குளோபினக் என்னும் வலிநீக்கிக் குளிசையும் எடுத்திருந்தாராம். வளைவிலே கால் சறுக்கியது. பக்கமாக விழுந்தார், நெற்றியின் ஓரம் நிலத்தில் மோதியது. உடனே எழுந்தார், கடைசியாக வந்து ஓட்டத்தை முடித்தார். கூட்டம் முழுவதும் கைதட்டியது. முழங்காற் சிராய்ப்பிலிருந்து குருதி நெடுநேரம் நிற்கவில்லை; கைக்குட்டையால் இறுகக் கட்டினோம். நெற்றியிலே எலுமிச்சங்காய் அளவு வீக்கம். "எண்ணெய் பூசினால் மாறிவிடும்" என்றார். மாறியும்விட்டது. முழங்காலிற் குருதி நிற்கத் தாமதித்ததைக் கண்ட எங்களில் ஒருவருக்காயினும், தலைக்குள்ளே என்ன நிகழ்கின்றது என்ற கேள்வி எழவில்லை.

மூன்று கிழமை சென்றது. காலையிலே தலைவலி என்றார். பின்னர்ப் பெயர்கள் மறந்தன. ஒருநாள் என்னை என் தம்பியின் பெயரால் அழைத்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எழுபது கடந்தால் பெயர்கள் நழுவும், மாஸ்ரர். எங்கள் இலக்கணத்திலே அதற்குக் கெடுதல் விகாரம் என்று பெயர்" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றும் என்னைச் சுடுகின்றது. அன்று அவர் வாயிலைக் கடந்து செல்லும்போது வலக்காலைச் சற்றே இழுத்து நடந்ததைப் பார்த்தேன். அணிநடையிலே எங்கள் கால்களைத் திருத்திய மனிதர் அவர். பார்த்தும் முதுமை என்றே எண்ணிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சட்டைப் பொத்தானை மாட்ட அவருடைய விரல்கள் மறுத்தன. அன்று என்னிடம் முன்பு படித்துத் தாதியாகப் பணிபுரியும் ஒருத்தி, வேறொரு காரியமாக அவர் வீட்டுக்கு வந்தாள். அவரைக் கண்டதும் இரண்டே கேள்விகள் கேட்டாள்: "மாஸ்ரர், இந்த இரண்டு மாதத்துக்குள் எங்கேயாவது விழுந்து தலையில் அடிபட்டதா? என்ன குளிசை எடுக்கிறீர்கள்?" விடை கேட்டதும் அவள் அமரவில்லை, வாகனத்துக்குச் சொல்லி அனுப்பினாள்.

வைத்தியசாலையில் எடுத்த சி.ரி. படத்திலே, மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் இடப்பக்கமாகப் பிறை வடிவிற் குருதி தேங்கி, மூளையை மறுபக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. முதலில் வார்பரினின் வலுவை முறிக்கும் மருந்துகளைச் செலுத்தினர். அதன்பின் மண்டையோட்டிலே இரண்டு துளைகள் இட்டுத் தேங்கியதை வடித்தனர். வெளிவந்தது செங்குருதியன்று; பழைய யந்திர எண்ணெய் போலக் கறுத்த நீர் என்று சத்திரசிகிச்சை நிபுணர் கூறினார். அதைக் கேட்டபோது மாஸ்ரரின் உவமை என் நினைவுக்கு வந்தது.

மெலிதல் வேறு, உறையாமை வேறு

அதன்பின், வைத்தியத் துறையிலே உள்ள என் பழைய மாணவரை வினாவியும் நூல்களைப் படித்தும் நான் அறிந்தவற்றைச் சொல்லுகின்றேன். முதலாவதாக, வார்பரின் குருதியை மெலியச் செய்வதில்லை. நீர் கலந்த பால்போல அது ஆவதில்லை. பாலையே உவமையாகக் கொள்வோமாயின், பால் பாலாகவே இருக்கின்றது. உறைமோரின் வலுத்தான் குறைக்கப்பட்டிருக்கின்றது. பாலுக்கும் குருதிக்கும் நாம் 'உறைதல்' என்னும் ஒரே வினையை வழங்குகின்றோம். அச்சொல்லிலே முழு உண்மையும் அடங்கியிருக்க, அதனை விட்டு 'மெல்லிசாக்கல்' என்னும் சொல்லை எங்கிருந்தோ கொண்டுவந்தோம். ஆங்கிலேயர் வழக்கிலும் இப்பிழை உண்டு. நாம் அதனை ஆராயாது பெயர்த்துக்கொண்டோம்.

உடலில் ஒரு குழாய் கீறப்பட்டால், முதலிற் குருதிச் சிறுதட்டுக்கள் அவ்விடத்திற் கூடி ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. பின்னர்க் குருதியிற் கரைந்துள்ள புரதங்கள் ஒன்றையொன்று எழுப்பி, ஈற்றில் நார்வலை ஒன்றைப் பின்னி அடைப்பை உறுதியாக்குகின்றன. அப்புரதங்களுள் நான்கினை ஈரல் செம்மையாக ஆக்குவதற்கு விற்றமின் கே வேண்டும். டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஹென்றிக் டாம் என்பவர், கொழுப்பு நீக்கிய உணவுண்ட கோழிக்குஞ்சுகள் குருதி கசிந்து வருந்துவதைக் கண்டு ஆராய்ந்து, அதற்குக் காரணமான சத்தைக் கண்டார். அவருடைய மொழியில் உறைதலைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தே அதற்குப் பெயராயிற்று. அவருக்கும் அமெரிக்கரான டொய்சிக்கும் 1943ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு இதற்காக வழங்கப்பட்டது.

வார்பரின், இந்த விற்றமினை உடல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வழியை அடைக்கின்றது. எனவே உறைதல் தாமதிக்கின்றது. அஸ்பிரின், குளோப்பிடோகிறெல் போன்றவை வேறு வகையின. அவை சிறுதட்டுக்கள் ஒட்டுவதைத் தடுக்கின்றன. இரு வகைக்கும் ஊரில் வழங்கும் பெயர் ஒன்றே. மாஸ்ரர் எடுத்த டைக்குளோபினக்கும் சிறுதட்டுக்களைச் சிறிது தளர்த்தி, இரைப்பையையும் புண்படுத்தவல்லது. ஆகவே வார்பரின் உண்பவர் அதனையும் இபுபுறூபன் போன்றவற்றையும் தாமாக எடுத்தலாகாது என்பதை அன்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. அவரும் எவரையும் கேட்கவில்லை.

மாட்டுக்கு நஞ்சு, மனிதருக்கு மருந்து

இம்மருந்து பிறந்த கதையை அறிந்தால் அதன் இயல்பு இன்னும் தெளிவாக விளங்கும். 1920ஆம் ஆண்டையடுத்த காலத்திலே கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் மாடுகள் காரணம் தெரியாது குருதி சிந்தி இறந்தன. கொம்பறுத்த சிறு காயமும் அவற்றுக்குக் கூற்றாயிற்று. ஈரத்தாற் பூஞ்சணம் பிடித்த சுவீற் குளோவர் என்னும் தீவனத்தைத் தின்றதே காரணம் என்று கனடாவின் கால்நடை வைத்தியர் பிராங் ஸ்கோபீல்ட் கண்டார். 1933 பெப்ருவரி மாதத்திலே விஸ்கொன்சின் மாநிலத்துக் கமக்காரர் ஒருவர், இறந்த பசுக்கன்று ஒன்றையும், ஒரு பாற்பாத்திரம் நிறைய உறையாத குருதியையும், கெட்டுப்போன வைக்கோலையும் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலினூடே மடிசன் நகரப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, கார்ல் போல் லிங் என்னும் இரசாயன அறிஞரின் ஆய்வுகூடக் கதவைத் தட்டினார்.

அக்குருதி ஏன் உறையவில்லை என்ற கேள்விக்கு விடை காண லிங்குக்கும் அவருடைய மாணவருக்கும் ஆறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன. 1939இல் அந்த நஞ்சைத் தூய படிகமாகப் பிரித்தனர். அதன் வழியில் ஆக்கப்பட்ட மற்றொரு பொருளே வார்பரின். ஆய்வுக்குப் பொருளுதவி செய்த விஸ்கொன்சின் பழைய மாணவர் ஆய்வு நிதியத்தின் ஆங்கில முதலெழுத்துக்களே அப்பெயரின் முற்பாதி. 1948இல் அது எலிகளைக் கொல்லும் நஞ்சாகக் கடைக்கு வந்தது. 1954இலே மனிதருக்குரிய மருந்தாக ஏற்கப்பட்டது. 1955 செப்ரெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் மாரடைப்புற்றபோது அவருக்கும் இது கொடுக்கப்பட்டது. மாரடைப்புக்கு முன்னைய பகலிலே அவர் டென்வர் நகரிற் கோல்ப் ஆடியிருந்தார். உடல் தேறியபின் மறுபடியும் ஆடினார். முதிய விளையாட்டாளர் இம்மருந்தோடு வாழ்வது அவ்வளவு பழைய செய்தி.

எலியைக் கொல்வதும் மனிதரைக் காப்பதும் ஒரே செயல்தான், அளவிலேதான் வேறுபாடு. அந்த அளவைக் காண்பதற்கே ஐ.என்.ஆர். என்னும் குருதிப் பரிசோதனை. பெரும்பாலோருக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். 4ஐக் கடந்தால் மூளையிற் குருதி கசியும் ஆபத்து விரைந்து ஏறுகின்றது. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி முதலிய இலைவகைகளில் விற்றமின் கே மிகுதியாக உண்டு. அவற்றை விலக்க வேண்டுவதில்லை. ஒரு கிழமை மிகுதியாகவும் மறுகிழமை இல்லாமலும் உண்ணாது, ஏறத்தாழ ஒரே அளவாக உண்ண வேண்டும். வார்பரின் உண்பவர் வேறு எந்த மருந்தையும், நாட்டு மருந்தாயினும், வைத்தியருக்குச் சொல்லியே சேர்த்தல் வேண்டும்.

ஓடியவருக்கு ஏன் இந்நோய்?

உடலைப் பேணியவருக்கு இதயத் துடிப்பு ஏன் தவற வேண்டும் என்று மாஸ்ரரின் மனைவியார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை பனிநாடாகிய சுவீடனிலிருந்து வருகின்றது. அங்கே வாசலொப்பெற் என்னும் பனிச்சறுக்கு ஓட்டம் 1922 முதல் நடைபெறுகின்றது. தூரம் 90 கிலோமீற்றர். 1989 முதல் 1998 வரை அதனை ஓடி முடித்த 52,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த சுவீடன் வைத்தியர்கள் தம் முடிபை 2013இல் வெளியிட்டனர். ஒரு முறை ஓடியவரிலும் பார்க்க, ஐந்து முறையும் அதற்கு மேலும் ஓடியவருக்கு ஒழுங்கற்ற துடிப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 30 வீதம் மிகுதியாக இருந்தது. ஆண்டுக்கணக்காக நெடுந்தூரம் ஓடுவோரின் இதய மேலறைகள் விரிந்து, அவற்றின் சுவரிலே மாற்றம் உண்டாவது இதற்குக் காரணமாகலாம் என்பர்.

இதனால் ஓடாதிருத்தலே நன்று என்று எவரும் முடிவு செய்தலாகாது. உடற்பயிற்சி உடையோருக்கு மாரடைப்பும் நீரிழிவும் குறைவு. அவ்வோட்டக்காரருக்குப் பக்கவாதமும் பொதுமக்களைக் காட்டிலும் குறைவு என்று பின்வந்த சுவீடன் ஆய்வே காட்டியது. ஆனால் துடிப்பு தவறிவிட்டால், விளையாட்டு வீரர் என்பதற்காக நோய் அவருக்குச் சலுகை காட்டுவதில்லை. துடிக்க வேண்டிய மேலறை நடுங்கி நிற்கும்போது குருதி அங்கே தேங்குகின்றது, தேங்கியது உறைகின்றது, உறைந்த துணிக்கை மூளைக்குச் சென்று குழாயை அடைக்கின்றது. இவ்வகைத் துடிப்புடையோருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏனையோரிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு. வார்பரின் அவ்வாபத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தவிர்க்கின்றது. ஆதலின் மாஸ்ரருக்கு அதனைக் கொடுத்த வைத்தியர் பிழை செய்தாரல்லர்.

தலைக்குள் நிகழ்வது

மூளையை மூடியுள்ள சவ்வுகளில் வெளிச்சவ்வு தடித்தது, மண்டையோட்டை ஒட்டியிருப்பது. மூளையின் மேற்பரப்பிலிருந்து குருதியைக் கொண்டு செல்லும் சிறு நாளங்கள் அச்சவ்வை நோக்கிப் பாலம் போலக் கடந்து செல்லுகின்றன. வயது ஏற ஏற மூளை சற்றே சுருங்கும், இடைவெளி அகலும், பாலங்கள் இழுபட்டு நிற்கும். இளைஞனுக்கு ஒன்றும் செய்யாத குலுக்கம் முதியவரின் அந்நாளத்தை அறுத்துவிடும். தலை நேரே மோதவும் வேண்டுவதில்லை. தலை திடீரெனக் குலுங்கினாலும் போதும்.

அறுந்த நாளத்திலிருந்து குருதி பாய்வதில்லை, கசிகின்றது. உறைதடுப்பு மருந்து இல்லாதவருக்கு அக்கசிவு பெரும்பாலும் விரைவில் நின்றுவிடும். மருந்துண்பவருக்கு நிற்பது தாமதிக்கும். மூளை சுருங்கியதால் உண்டான இடைவெளி அக்குருதிக்கு இடங்கொடுத்துவிடுவதால், நோயாளர் சில நாள், சில கிழமை யாதொரு குறையுமின்றி நடமாடுவார். அதுவே இந்நோயின் வஞ்சகம். இடம் நிறைந்து மூளை அமுக்கப்படும்போதுதான் தலைவலி, மறதி, பேச்சுத் தடுமாற்றம், ஒரு பக்கத்துக் கைகாற் சோர்வு, பகலுறக்கம் என்பன தோன்றும். அப்போது விழுந்த கதை எவருக்கும் நினைவிராது. 'வயது' என்னும் சொல் ஆயத்தமாக இருக்கும்.

இவ்வஞ்சகம் பெரியோரையும் விட்டதில்லை. பிரேசில் நாட்டு ஜனாதிபதி லூலா, உடற்பயிற்சியில் ஆர்வமுடையவர், 2024 ஒக்ரோபர் 19ஆந் திகதி தம் குளியலறையில் விழுந்து பின்தலையில் அடிபட்டார். ஏழு கிழமைக்குப் பின், டிசெம்பரிலே, தலைவலி மிகுந்தது. பரிசோதனையில் மூளைக்கு வெளியே குருதி கசிந்திருப்பது தெரிந்து, சாவோ போலோ நகரிலே சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அப்போது அவருக்கு வயது 79. அவர் உறைதடுப்பு மருந்து உண்டவர் என்று நான் சொல்லவில்லை. அஃதில்லாமலே இத்துணை நாள் கழித்து வரக்கூடியது, அஃதுள்ளபோது எவ்வளவு எளிதாக வரும் என்பதற்கே இதனைக் காட்டினேன்.

எல்லாம் இவ்வாறு மெல்ல வருவனவுமல்ல. அடி பலமாயின் சில மணித்தியாலத்துள் நினைவிழந்து உயிர் துறப்பாரும் உளர்.

அச்சமும் ஓர் ஆபத்து

மாஸ்ரரின் செய்தி பரவியதும் எங்கள் ஊரில் இருவர் தம் குளிசையைத் தாமாகவே நிறுத்தினர். இது முதற் பிழையிலும் பெரிய பிழை. அவர்களைக் கிளினிக்குக்கு அனுப்பும்வரை எனக்கு உறக்கம் வரவில்லை. 1999இலே கனடா நாட்டு ஆய்வாளர் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினர்: ஒழுங்கற்ற துடிப்புடைய முதியவர் ஒருவர் வார்பரினால் அடையும் நன்மையை, விழுந்து மூளையிற் குருதி கசியும் தீமை விஞ்ச வேண்டுமாயின், அவர் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 295 முறை விழ வேண்டும். அது வீட்டிலே விழும் முதியோரைப் பற்றிய கணக்கு. மைதானத்திலே விரைந்து மோதுவோருக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் தராசின் எப்பக்கம் தாழ்ந்திருக்கின்றது என்பதை அது காட்டும்.

இப்போது புதிய மருந்துகளும் உள. டாபிகற்றான் என்பதனை 18,113 நோயாளரிடத்தும், அப்பிக்சபான் என்பதனை 18,201 நோயாளரிடத்தும் வார்பரினோடு ஒப்பிட்ட ஆய்வுகள் முறையே 2009இலும் 2011இலும் வெளிவந்தன. இரண்டிலும் மண்டையோட்டுக்குள் குருதி கசிவது வார்பரினைக் காட்டிலும் பாதிக்கும் குறைவாக இருந்தது. ஆயினும் இதயத்திலே உலோக வால்வு பொருத்தப்பட்டவருக்கு இவை ஆகா. சிறுநீரகம் நலிந்தவருக்கு அளவு மாறும். எது யாருக்குத் தகும் என்பதை வைத்தியரே தீர்த்தல் வேண்டும்.

விளையாட்டையும் முற்றாகத் துறக்க வேண்டுவதில்லை. நடை, நீச்சல், மெல்லோட்டம், இலேசான பயிற்சி என்பன பெரும்பாலோருக்குத் தக்கவை. ஆள்மேல் ஆள் மோதும் உதைபந்தாட்டம், றகர், மல்யுத்தம், குத்துச்சண்டை என்பன ஆகா. சைக்கிளிற் செல்வோர் தலைக்கவசம் அணிதல் வேண்டும்; ஆனால் கவசம் ஓட்டைக் காக்குமேயன்றி உள்ளே மூளை குலுங்குவதை முற்றாகத் தடுக்காது என்பதை மறத்தலாகாது.

அடிபட்டுவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே. வீக்கம் சிறிதாயினும், நினைவு தவறாதிருப்பினும், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல். சென்றதும் 'நான் உறைதடுப்பு மருந்து உண்பவன்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுதல். அறிகுறி யாதும் இல்லாத இடத்தும் 8 மணித்தியாலத்துள் சி.ரி. படம் எடுப்பதை எண்ணிப் பார்க்குமாறு ஐக்கிய இராச்சியத்து வழிகாட்டல் 2023இல் வைத்தியருக்குக் கூறுகின்றது. முதற் படம் குறையின்றி இருந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டுவதில்லை. பின்னர்க் கசிவு தோன்றுவது நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோதான். அந்த ஒருவரைத் தப்பவிடாதிருக்க, வீட்டார் சில கிழமை அவருடைய நடையையும் பேச்சையும் கவனித்துவரல் வேண்டும்.

மாஸ்ரரின் அட்டை

மாஸ்ரர் பிழைத்தார். வலக்கை விரல்கள் முழுவதும் திரும்பவில்லை. எழுத்துச் சாய்ந்தே விழுகின்றது. சில ஆண்டுகளின் மாணவர் பெயர்கள் அவருடைய நினைவிலிருந்து போய்விட்டன. சத்திரசிகிச்சைக்குச் சில கிழமையின் பின், வைத்தியர்கள் கலந்து பேசிப் புதிய மருந்தொன்றை அவருக்குத் தொடங்கினர். இப்போது காலையில் நடக்கின்றார். மாலையிற் கரப்பந்தாட்டத் திடலுக்குப் போகின்றார். ஆடுவதில்லை, ஊதுகுழலோடு நடுவராக நிற்கின்றார். இவ்வாண்டுப் பழைய மாணவர் ஓட்டத்தின்போது முடிவுக்கோட்டிலே நேரங்காட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடியவர்களைப் பார்த்த அவருடைய கண்களை நான் அதிக நேரம் பார்க்கவில்லை.

வீடு திரும்பியதும் அவர் என்னிடம் ஒரு வேலை தந்தார். சட்டைப்பையில் வைப்பதற்கு ஓர் அட்டை எழுதித் தரும்படி கேட்டார். 'இரத்தத்தை மெல்லிசாக்கும் குளிசை' என்று எழுதப் போனவரைத் தடுத்து, மருந்தின் பெயருக்குக் கீழே நான் எழுதியது இது: "குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து உண்பவர். தலையில் அடிபட்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க."

அவர் அதனை இரண்டு முறை படித்தார். "இந்த வசனத்தை மூன்று வருடத்துக்கு முதல் நீர் எனக்குச் சொல்லியிருந்தால், அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன், பண்டிதர்" என்றார். குறையாக அன்று, உண்மையாகச் சொன்னார். எனக்கு விடை இருக்கவில்லை.

மெலிந்தது என்றால் இலேசானது, இதமானது என்று மனம் கொள்ளுகின்றது. உறையாது என்றால், காயம் பட்டால் என்ன ஆகும் என்று மனம் உடனே கேட்கின்றது. கேட்க வைப்பதே நல்ல சொல்லின் இலக்கணம். ஆசிரியராயுள்ள அன்பர்கள் தம் மாணவர் ஒவ்வொருவரிடமும் இன்று ஒரு கேள்வி கேட்கும்படி சொல்லியனுப்புவார்களாக: "தாத்தா, நீங்கள் உண்ணும் குளிசை என்ன செய்கின்றது?" விடை 'மெல்லிசாக்குகின்றது' என்று வந்தால், பேரப்பிள்ளையே அதனைத் திருத்தட்டும். அந்தத் திருத்தத்துக்குச் சிவப்பு மை வேண்டாம்.